ஒரே பிளக் பாயிண்டில் கம்ப்யூட்டர்: தாங்குமா?



2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, கடை சாத்திய பின் கணக்குப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர், மோடம், செல்போன் சார்ஜர் என ஐந்து சாமான்கள். சுவரில் இருப்பதோ ஒரே பிளக் பாயிண்ட்.

சரக்கு மாதிரி இதையும் கூட்டிப் பார்த்துவிடலாம். சாதாரணப் பாயிண்ட் 6 ஆம்பியர். மின்சாரம் 230 வோல்ட். பெருக்கினால் 1380 வாட், அதுதான் வரம்பு. பில் போடும் கம்ப்யூட்டர் 200 வாட் என்றே வைப்போம். மானிட்டர் 30, மோடம் 10, சார்ஜர் 20, மை பிரிண்டர் 30. ஆக 290 வாட். வரம்பில் கால் பங்குகூட இல்லை. ஒரே பாயிண்ட் தாராளமாகப் போதும்.

ஆனால் லேசர் பிரிண்டர் வேறு ஜாதி. சூடேறும் நேரத்தில் 500 முதல் 1000 வாட் வரை இழுக்கும். அதை யூ.பி.எஸ்.ஸில் மாட்டவே கூடாது. தனிப் பாயிண்டில் போடுங்கள். 600 வி.ஏ. என்று எழுதிய யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மூட்டை வாங்கும்போது மொத்த எடை, நிகர எடை பார்க்கிற நாம் இதை மட்டும் பார்ப்பதில்லை! தண்ணீர் கொதிக்க வைக்கும் 1500 வாட் கெட்டில் தனியாகவே வரம்பைத் தாண்டும். அது 16 ஆம்பியர் பாயிண்டுக்கு உரியது.

கணக்கு சரியாக இருந்தாலும் தீப்பிடிக்க வழி உண்டு. லூசான பிளக் சூடாகி உருகும். பாயிண்டைத் தொட்டால் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும். பாக்ஸுக்குள் இன்னொரு பாக்ஸ் செருகுவது ஆபத்து. மீதி வயரைச் சுருட்டிக் கட்டி, மேலே சாக்கைப் போட்டு மூடாதீர்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் வீட்டிலேயே ஸ்டாக் வைக்கிறவர்கள் நம்மில் குறைவில்லை.

மூன்று முனை பிளக்கில் தடித்த முனைதான் எர்த். அதை வெட்டிவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.