பாஸ்கா இரவு

ஈஸ்டர் என்றும் பாஸ்கா என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் உயிர்ப்புப் பெருவிழாவே திருச்சபை ஆண்டின் தலையாய விழா. கிறிஸ்துமசுக்குக் கடைத்தெருவில் காணும் பரபரப்பு இதற்கு இல்லை. ஆனால் வழிபாட்டு நாள்காட்டி முழுவதும் இந்த ஒரு நாளை வைத்தே அமைந்திருக்கிறது. பாஸ்கா என்பது 'கடந்து செல்லுதல்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் வழிவந்தது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேல் மக்கள் விடுபட்ட இரவுக்கு வழங்கிய பெயர், கிறிஸ்து சாவைக் கடந்து உயிர்த்த இரவுக்கும் ஆகிவந்தது.

விழாவின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் முடிவுசெய்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. எனவே அது மார்ச் 22க்கு முன்பும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்பும் வராது. 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. தமிழ்நாட்டில் இது பங்குனி, சித்திரை வெயிலோடும் பள்ளித் தேர்வுகளோடும் வந்து சேரும் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விழா அதற்குள் விழும் ஆண்டில் மீனவப் பங்குகளில் ஆண்கள் ஊரோடு இருப்பார்கள், வீட்டில் வரும்படி இருக்காது.

ஆயத்தம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு பங்கு மக்கள் நாற்பது நாள் தவக்காலத்துக்குள் நுழைகிறார்கள். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. ஒரு தெருவிலோ பகுதியிலோ உள்ள சில குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். சிலுவைப்பாதை போன்ற வழிபாடுகளின் பொறுப்பை அன்பியங்கள் முறைவைத்து ஏற்கின்றன. பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கும் வரிசை கடைசி வாரத்தில் நீளும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவங்களை அறிக்கையிட்டு, பாஸ்கா காலத்தில் நன்மை (நற்கருணை) வாங்க வேண்டும் என்பது 1215இல் நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம் விதித்த கடமை. நெடுநாள் கோயில் பக்கம் வராதவர்கூட இந்த நாட்களில் வந்து நிற்பதற்கு அந்தப் பழைய விதியின் பிடிப்பும் ஒரு காரணம்.

குருத்தோலை ஞாயிறைத் தொடர்வது புனித வாரம். பெரிய வியாழனன்று பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறார். ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த இந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இல் உரோமை வழிகாட்டியது. அன்றைய திருப்பலியில் பாடும் வானவர் கீதத்தோடு கோயில் மணிகள் ஓய்ந்துவிடும். அடுத்த மணியோசை சனி இரவில்தான் கேட்கும். இடைப்பட்ட நேரத்தில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள்.

பெரிய வெள்ளியன்று திருப்பலி இல்லை. பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும், மக்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்வார்கள். பல பங்குகளில் கோயில் வளாகத்திலேயே கஞ்சி ஊற்றுவார்கள். தமிழரிடையே அந்த வாரத்தின் பெருங்கூட்டம் அன்றுதான். இழவு வீட்டில் ஒப்பாரி வைத்து அழுது பழகிய சமூகம் சிலுவையடியில் நிற்கும் தாயின் துயரைத் தன் துயராகவே எடுத்துக்கொண்டது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம் ஈழத்துத் தமிழ்க் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக உருக்கமாக ஓதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் வெள்ளியன்று வந்த கூட்டம் முழுவதும் சனி இரவுக்குத் திரும்புவதில்லை. அது பெரிய இழப்பு. வந்த வழி அத்தனையும் போய்ச் சேருமிடம் அந்த இரவுதான்.

அகுஸ்தீனார் எல்லாத் திருவிழிப்புகளுக்கும் தாய் என்று போற்றிய இரவு அது. இடைக்காலத்திலிருந்து இந்த வழிபாடு சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து, சனி காலையிலேயே நடத்தப்படும் நிலைக்கு வந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் தீ மூட்டி, ஆளில்லாக் கோயிலில் குருக்கள் மட்டும் இலத்தீனில் நடத்தி முடிப்பார்கள். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அதை இரவுக்கு மீட்டார். 1955இல் புனித வாரம் முழுவதையும் சீரமைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் இந்த வழிபாடு தாய்மொழிக்கும் வந்தது. இன்றைய தமிழ்ப் பங்குகளில் காணும் பாஸ்கா இரவு இந்த வடிவில் ஒரு நூற்றாண்டுகூட ஆகாதது, வேரில் மிகப் பழையது.

பல பங்குகளில் இரவு 11 மணியளவில் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. கோயில் முற்றத்தில் புதுத் தீ மந்திரிக்கப்படும். பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல், கடைசி எழுத்துகளும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் வரையப்பட்டு, ஐந்து காயங்களைக் குறிக்க ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படும். திரியை ஏந்தி இருட்டுக் கோயிலுக்குள் நுழைபவர் மூன்று இடங்களில் நின்று, ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றி, கிறிஸ்துவின் ஒளியை அறிவிக்கிறார். மக்கள் கையிலுள்ள மெழுகுதிரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றுகின்றன. பக்கத்தில் நிற்பவர் யார், என்ன வருத்தம் என்று பாராமல் திரியைச் சாய்த்துத் தீ வாங்கியாக வேண்டும். ஓர் ஆண்டாக முகம் பார்க்காத பங்காளிகள்கூட அப்படி நின்றதுண்டு.

அந்த வெளிச்சத்தில் பாஸ்கா புகழுரை பாடப்படுகிறது. மெழுகைத் தந்த தேனீக்களையும் அதன் இலத்தீன் மூலம் மறப்பதில்லை. அடுத்து ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள். உலகப் படைப்பில் தொடங்கி மீட்பின் வரலாறு விரிகிறது. நேரம் கருதி ஏழைக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண நூலின் பகுதியை விடவே கூடாது என்பது விதி.

பிறகு வானவர் கீதம். இரண்டு நாளாக ஊமையாயிருந்த மணிகள் எல்லாம் ஒருசேர ஒலிக்கின்றன. பீடத்தருகே காகிதக் குகையை மறைத்திருந்த திரை விலக, கொடி ஏந்திய உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கயிற்றால் மேலெழுகிறது. வெளியே வெடி அதிர்கிறது. மணியும் விளக்கும் திருப்பலிப் புத்தகத்தில் உண்டு. குகையும் கயிறும் வெடியும் மக்களே சேர்த்தவை. அவை தேவையா என்று கேட்கும் குருக்களும் இருக்கிறார்கள். தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு விழித்து அந்தச் சுரூபத்தைப் பார்த்த நொடியை ஆயுளுக்கும் மறக்காது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வியை எடைபோட வேண்டும்.

தவக்காலம் முழுதும் நாவில் வராத அல்லேலூயா மறுபடியும் பாடப்பட்டு, நற்செய்தி வாசிக்கப்படுகிறது. தொடர்வது திருமுழுக்கு வழிபாடு. புனிதர் மன்றாட்டு மாலைக்குப்பின் பாஸ்கா திரியைத் தண்ணீரில் தாழ்த்தி மந்திரிக்கிறார்கள். மறைக்கல்வி பெற்ற பெரியவர்கள் அன்று திருமுழுக்குப் பெறுவார்கள். அப்படி எவரும் இல்லாத பங்கிலும், எரியும் திரியோடு எல்லோரும் தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். நற்கருணை வழிபாடு முடிகையில் நள்ளிரவு தாண்டியிருக்கும். வாசலில் வாழ்த்தும் கைகுலுக்கலுமாகக் கூட்டம் கலையும்.

ஞாயிறு காலைத் திருப்பலி முதியோருக்கும் இரவில் வர முடியாதவருக்கும். பகலில் வீடுகளில் பிரியாணி மணக்கும், பக்கத்து வீடுகளுக்கும் பாத்திரங்கள் போகும். அப்படியொரு காலை, 2019 ஏப்ரல் 21 அன்று, இலங்கையில் குருதியில் நனைந்தது. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் திருப்பலிக்குக் கூடியிருந்த மக்கள் நடுவே குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் கொழும்பு விடுதிகளும் அன்று தாக்கப்பட்டன. இறந்தவர்கள் 250க்கும் மேல். மறு ஆண்டு கொரோனாத் தொற்றால் கோயில்களே அடைபட்டுக் கிடந்தன. பங்குத்தந்தையர் ஆளற்ற கோயிலில் திரி ஏற்ற, மக்கள் தொலைக்காட்சி முன் இருந்தார்கள்.

விழா உயிர்ப்பு ஞாயிறோடு முடிவதில்லை. எட்டு நாளும் பெருவிழாவாகவே கொள்ளப்படும். தமிழகக் கிராமங்கள் சிலவற்றில் கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் நடக்கும். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பாஸ்கா நாடகமும் தேர்பவனியும் பேர்பெற்றவை. வயலிலும் கடையிலும் வேலை முடித்து வந்தவர்கள் பிலாத்துவாகவும் பேதுருவாகவும் மேடை ஏறுவார்கள். ஈழத்தில் மன்னார்ப் பேசாலையின் உடக்குப் பாஸ், பாவைகளை வைத்து நிகழ்த்தும் பழைய மரபு.

பாஸ்கா காலம் தூய ஆவிப் பெருவிழா வரை 50 நாள். அதுவரை பாஸ்கா திரி பீடத்தருகே நிற்கும். பின்பு அது திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படும். அந்த ஆண்டில் பங்கில் திருமுழுக்குப் பெறும் ஒவ்வொரு குழந்தையின் சிறு திரியும் அதிலிருந்தே ஏற்றப்படுகிறது. பங்கில் யாரேனும் இறந்தால், அடக்கத் திருப்பலியின்போது சவப்பெட்டியின் அருகே எரிவதும் அதே திரிதான்.