9/125: இழைக்குள் இரண்டு எண்கள்

உங்கள் வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறதா? மோடம் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பல வீடுகளில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய வயர் ஒன்று, பச்சை அல்லது நீலத் தலையோடு அங்கே செருகியிருக்கும். அதன் உறைமேல் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சிட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே பெரும்பாலும் ‘9/125’ என்று இருக்கும். பின்னக் கணக்கு என்று நினைத்து வகுத்துவிடாதீர்கள். இவை இரண்டு தனித்தனி அளவுகள். இரண்டுமே மைக்ரோமீட்டரில் சொல்லப்படுபவை.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர். இப்போது ஸ்கேலை எடுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சின்னக் கோடுகள் இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் 1 மி.மீ. அந்த இடத்தில் 125 மைக்ரோமீட்டர் இழைகளை ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்தால் எட்டு இழைகள் அடங்கும்! அதுதான் பின்னால் உள்ள 125: முழுக் கண்ணாடி இழையின் விட்டம். முன்னால் உள்ள 9, அந்த இழையின் நட்டநடுவே ஒளி ஓடும் பாதையின் விட்டம். நடுப்பகுதிக்கு ‘கோர்’ என்று பெயர். அதைச் சுற்றியுள்ள கண்ணாடி ‘கிளாடிங்’.

அப்படியானால் கையில் பிடிக்கிற வயர் ஏன் 2 அல்லது 3 மி.மீ. தடிமன் இருக்கிறது? மற்றதெல்லாம் பாதுகாப்பு. கண்ணாடிக்கு மேல் பூசிய பிளாஸ்டிக்கோடு சேர்ந்து 250 மைக்ரோமீட்டர் ஆகும். அதற்கு மேல் இன்னொரு உறை போட்டு 900 ஆக்குவார்கள். பிறகு, இழுத்தாலும் அறுந்துபோகாத அராமிட் நூல், கடைசியில் மஞ்சள் உறை. குண்டு துளைக்காத சட்டைகள் செய்யப் பயன்படுகிற அதே வகை நூல்தான் அராமிட்.

கோர், கிளாடிங் இரண்டும் கண்ணாடியே. கோரில் மட்டும் கொஞ்சம் ஜெர்மானியம் கலந்திருப்பார்கள். அதனால் அதன் ஒளிவிலகல் எண் கிளாடிங்கைவிடச் சற்றே கூடுதல். கோருக்குள் சற்றே சாய்வாகப் போகிற ஒளி எல்லையில் பட்டு மறுபடி உள்ளேயே திரும்பிவிடும். பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, முழு அக எதிரொளிப்பு, அதுதான்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். கோர் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? 62.5/125, 50/125 என்று அகலமான கோர் உள்ள இழைகளும் உண்டு. அகலமான பாதையில் ஒளி நிறையப் போகுமே, அதுதானே நல்லது?

பெரிய மைதானத்தில் நூறு பேரை ஒரே நொடியில் ஓடவிட்டால் ஆளுக்கொரு பக்கம் வளைந்து ஓடி, முன்னும் பின்னுமாக வந்து சேர்வார்கள். அகலமான கோரில் ஒளிக்கும் இதே கதைதான். நேராகப் போகும் ஒளி சீக்கிரம் வரும். எல்லையில் முட்டி முட்டிப் போகும் ஒளிக்குப் பாதை நீளம், அதனால் தாமதம். தகவல் போவது ஒளித்துடிப்புகளாக என்பதை நினைவில் வையுங்கள். ஒரு துடிப்பின் கடைசி ஒளி வந்து சேர்வதற்குள் அடுத்த துடிப்பின் முதல் ஒளி வந்துவிட்டால் இரண்டும் கலந்து, எது எது என்றே தெரியாமல் போய்விடும். தூரம் கூடக் கூடக் குழப்பமும் கூடும்.

கோரைச் சுருக்கிக்கொண்டே வந்தால், ஓரளவுக்குக் கீழே ஒளிக்குப் போக ஒரே வழிதான் மிஞ்சும். 1.31 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்கு 9 மைக்ரோமீட்டர் கோர் அதன் அலைநீளத்தைப்போல ஆறேழு மடங்குதான். இப்படி ஒரே வழி உள்ள இழைக்குச் ‘சிங்கிள் மோடு’ இழை என்று பெயர். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 10 ஜிகாபிட் அனுப்பும் ஈதர்நெட் தரவரையறையில் பழைய 62.5 இழைக்கு வழக்கமான குறுந்தூரக் கருவியோடு 33 மீட்டர்தான் எல்லை. மேம்படுத்திய 50 இழைகள் 300, 400 மீட்டர் வரை தாங்கும். 9 இழையோ 10 கிலோமீட்டர் போகும், அதற்கேற்ற கருவி வைத்தால் 40 கிலோமீட்டர்கூடப் போகும். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கி.மீ. நீளம். அவ்வளவு தூரத்துக்குச் சிங்கிள் மோடை விட்டால் வேறு வழியில்லை.

இந்தச் சிறிய கோர் யோசனை 1966-லேயே எழுதப்பட்டுவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு. இங்கிலாந்தின் ஹார்லோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும், ஒளியின் ஓர் அலைநீளம் அளவுக்குக் கோர், சுமார் நூறு அலைநீளம் அளவுக்கு முழு இழை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்றைக்கு அந்த வேலைக்குத் தகுந்த தூய கண்ணாடி இழையே இல்லை! காவுக்கு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கோர் மாறினாலும் 125 மட்டும் ஏன் மாறுவதில்லை? மஞ்சள் வயரின் தலைக்குள் வெள்ளைப் பீங்கான் முனை ஒன்று இருக்கும். அதன் நடுவே இந்த 125 இழை நுழையும் அளவுக்கு ஒரு துளை. எல்லா ஊர் இழையும் ஒரே அளவாக இருந்தால்தான் எல்லாத் தலையிலும் பொருந்தும், இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினிலும் சரியாக உட்காரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.652.டி தரவரையறைப்படி இந்த 125-இல் 0.7 மைக்ரோமீட்டர்தான் கூடலாம், குறையலாம். கோர் நடுவைவிட்டு 0.6-க்கு மேல் விலகக் கூடாது.

ஆனால் வெளியே ஒரே அளவு என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 62.5 இழையையும் 9 இழையையும் தெரியாமல் இணைத்துவிட்டால் கச்சிதமாகப் பொருந்தும், ஒளி மட்டும் சரியாகப் போகாது. பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: பெரிய கோர் சின்னக் கோரைப்போல 48 மடங்கு! பெரிய பக்கமிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி அங்கேயே வீணாகும். அதனால்தான் உறைக்கு நிறம்: சிங்கிள் மோடுக்கு மஞ்சள், பழைய அகலக் கோர்களுக்கு ஆரஞ்சு, மேம்படுத்திய 50-க்கு இளநீலப் பச்சை.

வீட்டு வயரில் அச்சிட்டதைப் படித்துப் பாருங்கள், ஆனால் செருகியதைக் கழற்றாதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. முனை இருட்டாகத் தெரிகிறதே என்று ஒருபோதும் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. வயரை மடித்துக் கட்டவும் வேண்டாம். வளைவு மிகக் குறுகினால் ஒளி கோரைவிட்டு வெளியேறிவிடும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.