உறைதடை மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லிகளும்

வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய மருந்துகளை 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்று மக்கள் வழங்குகின்றனர். உண்மையில் இவை இரத்தத்தைச் சிறிதும் நீர்க்கச் செய்வதில்லை. இரத்தம் உறைவதற்கு ஆகும் நேரத்தை நீட்டிப்பதே இவற்றின் தொழில். ஆதலின் 'உறைதடை மருந்து' என்னும் பெயரே பொருத்தமானது. இப்பெயர் நாவில் எளிதில் புரளவில்லை என்பது மெய்யே; ஆயினும் மருந்தின் விஷயத்தில் பொருள் பிழைபடாதிருப்பது முக்கியம்.

நமது நாட்டில் இம்மருந்துகளை உட்கொள்வோரில் பலர், இளம் வயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலினால் இருதய வால்வு பழுதுற்று, செயற்கை வால்வு பொருத்தப் பெற்றவர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கப்பட்ட வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய இயந்திர வால்வின்மீது இரத்தம் எளிதில் உறையுமாதலால், ஆயுள் முழுவதும் உறைதடை மருந்து அவசியமாகிறது. அண்மைக் காலத்தில் வந்துள்ள டாபிகட்ரான் முதலிய புதிய மருந்துகள் இவர்களுக்கு ஏற்றவையல்ல.

இம்மருந்தின் வரலாறு மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற கால்நடைகள் இரத்தப் பெருக்கினால் மடிந்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், உறையாத இரத்தத்தைப் பால் கேனில் ஏந்திக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் ஆய்வகத்தை அடைந்தார். அங்கு நடந்த ஆராய்ச்சியின் பயனாக டைக்கூமராலும், பின்னர் வார்ஃபரினும் கிடைத்தன. வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல்தான் மனிதருக்கு வழங்க அனுமதி கிடைத்தது.

கல்லீரல் நான்கு உறைகாரணிகளை ஆக்குவதற்கு வைட்டமின் 'கே' இன்றியமையாதது. பயன்பட்ட அவ்வைட்டமின் மீண்டும் பயனுக்கு வராதபடி வார்ஃபரின் தடுக்கிறது. தடை குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டியாகும். மிகுந்தால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழி மிகக் குறுகியது. மைட்ரல் வால்வு இயந்திர வால்வாக மாற்றப்பட்டவருக்கு ஐ.என்.ஆர். என்னும் சோதனை அளவு பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருத்தல் வேண்டும்.

காய்ச்சலுக்கோ வயிற்றுப் போக்கிற்கோ உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக், அதாவது நுண்ணுயிர்க்கொல்லி, இச்சமநிலையைக் குலைத்துவிடக்கூடும். குடலில் வாழ்ந்து வைட்டமின் 'கே'யை ஆக்கும் நுண்ணுயிர்களை அது அழிப்பதே காரணம் என்று பலர் கருதுகின்றனர். உணவு செல்லாத நோயாளிக்கு இது பொருந்தும். ஆனால் பெரிய காரணம் கல்லீரலில் உள்ளது. வார்ஃபரின் மாத்திரையில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இருவகை மூலக்கூறுகள் கலந்துள்ளன. இவற்றுள் ஒன்று மற்றதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வலியது. அவ்வலிய வகையைச் சிதைக்கும் நொதியையே மெட்ரோனிடஸோலும் கோ-டிரைமாக்ஸஸோலும் முடக்குகின்றன. சிதையாத மருந்து உடலில் தேங்கவே, ஐ.என்.ஆர். சில நாட்களுக்குள் அபாய அளவிற்கு ஏறுகிறது. பூஞ்சைக்குத் தரும் ஃபுளூகோனஸோலும் இவ்வாறே செய்யும். அமாக்ஸிசிலின் பெரும்பாலோருக்கு இவ்வளவு தொல்லை தருவதில்லை.

வயிற்றுக் கடுப்பென்று சீட்டின்றிக் கடையில் கேட்டு வாங்கும் நான்கு மெட்ரோனிடஸோல் மாத்திரைகள் வால்வு நோயாளிக்கு எத்தகைய ஆபத்து என்பதைக் கடைக்காரர் அறியார், அறிந்திருப்பின் கொடார். ஆகவே உறைதடை மருந்து உண்பவர், பல் வைத்தியரிடம் செல்லினும் அதனை முதலில் கூறுதல் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் ஐ.என்.ஆர். சோதித்தல் நலம். மலம் கறுத்தல், சிறுநீர் சிவத்தல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் நில்லாமை, கடுந்தலைவலி ஆகியவை கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைய வேண்டும். அச்சத்தினால் உறைதடை மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதும் தீங்கே.

இதுவரை கூறியதற்கு நேர் எதிரானது ரிஃபாம்பிசின். காசநோய்க்கு ஆறு மாதம் அளிக்கப்படும் சிகிச்சையில் இது தலையாயது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் வால்வு நோயாளிகளுக்கும் இது தேவைப்படுவதுண்டு. இம்மருந்து கல்லீரல் நொதிகளைப் பெருகச் செய்கிறது. அதனால் வார்ஃபரின் விரைவில் சிதைந்து, வழக்கமான அளவு பயனற்றுப் போகிறது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலாக அளவை உயர்த்த நேரிடும். இவ்விளைவு முழுமை பெறுவதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும்.

சிகிச்சை தொடங்கும்போது நோயாளியும் மருத்துவரும் விழிப்புடன் இருக்கின்றனர். முடியும்போது அவ்விழிப்பு தளர்ந்துவிடுகிறது. காசநோய் குணமாயிற்று என்னும் மகிழ்ச்சியில் ரிஃபாம்பிசினை நிறுத்தியபின், பெருகிய நொதிகள் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மும்மடங்கு வார்ஃபரினோ அப்படியே தொடர்கிறது. இரத்தப் பெருக்கு நேர்வது அப்பொழுதுதான். காசநோய் மையம் ஓரிடத்தில், இருதயப் பிரிவு வேறிடத்தில் என்றிருக்கும் நிலையில், இருவருக்கும் செய்தி கொண்டு செல்பவர் நோயாளி ஒருவரே. ரிஃபாம்பிசின் நிறுத்தப்படும் தேதியை இருதய மருத்துவருக்கு முன்னதாகவே அறிவித்து, அதன்பின் ஒரு மாதமேனும் வாரந்தோறும் ஐ.என்.ஆர். சோதித்து, வார்ஃபரின் அளவை அவர் சொற்படி படிப்படியாகக் குறைத்து வருதல் வேண்டும்.