கென்யாவின் புளித்த மண்ணும் மலிவு உரமும்

2022 செப்டம்பரில் கென்யாவின் அதிபராகப் பொறுப்பேற்ற வில்லியம் ரூட்டோ எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று உர விலையைக் குறைத்தது. உக்ரைன் போருக்குப் பிறகு அங்கே 50 கிலோ டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டை 6,000 ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. அரசு உர மூட்டையை 3,500 ஷில்லிங்குக்குக் கொடுக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே 2,500 ஆக்கியது. உகாலி என்னும் மக்காச்சோளக் களி இல்லாமல் சாப்பாடு நிறையாத நாடு அது. விதைப்புக் காலம் நெருங்கியும் கையில் காசில்லாமல் தவித்த குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்றுமுதல் உரம் பற்றிய பேச்செல்லாம் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போய்ச் சேர்ந்தது என்ற கணக்காகவே நிற்கிறது. மேற்குக் கென்யாவின் பெரும்பகுதி மண் அமிலமாகிப் புளித்துக் கிடக்கிறது. அந்த மண்ணில் எவ்வளவு மலிவாக உரத்தைப் போட்டாலும் அதில் ஒரு பங்கு பயிருக்குப் போகாது. அந்தப் புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புக்குச் செலவிடாத பணம், டிஏபிக்குச் செலவிட்ட பணத்தையும் சேர்த்து வீணாக்குகிறது என்பதே என் வாதம்.

மண் புளிப்பதற்கு உரம் மட்டும் காரணமல்ல. எல்கன் மலையடிவாரத்திலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களிலும் காலங்காலமாகக் கொட்டிய மழை, மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும் செறிந்த செம்மண். அதன்மேல் பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் அடியுரமாக விழுந்தது டிஏபி. அதில் 18 விழுக்காடு தழைச்சத்து, 46 விழுக்காடு மணிச்சத்து. தழைச்சத்து முழுவதும் அம்மோனிய வடிவில் இருக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு அம்மோனிய அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் மண்ணில் சேர்கின்றன. அந்த நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொண்டால் அமிலத்தின் ஒரு பகுதி ஈடாகும். மழை அடித்துக்கொண்டு போனால் அமிலம் அப்படியே தங்கும். ஒரு மூட்டை டிஏபி உண்டாக்கக்கூடிய அமிலத்தை முறிக்க 30 கிலோவுக்குக் குறையாத சுண்ணாம்புத் தூள் வேண்டும். கார அமில நிலை 5.5க்குக் கீழே இறங்கியதும் அலுமினியம் கரையத் தொடங்குகிறது. வேர் நுனி கருகிக் கட்டையாகிறது. ஆழத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறது. இதைவிடக் கொடுமை, மணிச்சத்துக்கு நேர்வது. பாஸ்பேட் அந்த அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து கரையாத பொருளாகிவிடுகிறது. டிஏபி மூட்டையில் உழவர் முக்கியமாக எதற்காகக் காசு கொடுக்கிறாரோ, அதையே மண் பூட்டி வைத்துக்கொள்கிறது.

உரம் வாங்காத உழவரை விவரம் தெரியாதவர் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. பாஸ்வெல் மாரென்யாவும் கிறிஸ்டபர் பாரெட்டும் விஹிகா, தெற்கு நாண்டி பகுதிகளின் சிறு நிலங்களில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மறுமொழி. மண்ணில் அங்ககக் கரிமம் ஓர் அளவுக்குக் கீழே போன நிலங்களில், போட்ட உரத்துக்கு ஏற்ற விளைச்சல் கிடைக்கவில்லை. உரம் வாங்குவது நட்டமாகவே முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர், ஜோனதன் ராபின்சன் மூவரும் புசியா மாவட்டத்து வயல்களில் நடத்திய சோதனைகளின் முடிவுகள் வந்திருந்தன. ஒட்டுரக விதை, விதைக்கும்போது உரம், பிறகு மேலுரம் என்று அரசு பரிந்துரைத்த முழுத் தொகுப்பு அந்த உழவர்களுக்குச் சராசரியாக லாபம் தரவில்லை. செடிக்கு அரை தேக்கரண்டி மேலுரம் மட்டும் வைத்தபோது நல்ல லாபம் வந்தது. இந்த இரண்டு ஆய்வுகளும் அமில மண்ணைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரே பரிந்துரை எல்லா மண்ணுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையை இரண்டும் உடைத்துவிட்டன. உழவர் தன் நிலத்தில் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் உரத்தை ஒதுக்கியிருக்கிறார்.

ஆப்பிரிக்காவில் உரப் பயன்பாடே குறைவு, அங்கே போய் உரத்தின் தீங்கைப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2006இல் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியபோது சகாராவுக்குத் தெற்கே ஹெக்டேருக்குச் சராசரி 8 கிலோ சத்துதான் போடப்பட்டது. அதை 2015க்குள் 50 கிலோவாக்குவதாக அறிவித்தார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. அறுவடையோடு வெளியேறும் சத்து திரும்பி வராத நிலம் ஆண்டுக்கு ஆண்டு மெலியத்தான் செய்யும். கென்யாவுக்கு இன்னும் அதிக உரம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சுண்ணாம்பைக் கேட்பதே அதற்காகத்தான். அமிலம் குறைந்தால் போடும் ஒவ்வொரு கிலோவும் வேலை செய்யும், அப்போது உழவர் தானாகவே அதிகம் வாங்குவார். ரசாயனமே வேண்டாம், தொழு உரம் போதும் என்பது எதிர்ப்பக்கத்து வாதம். விஹிகா கென்யாவின் மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்பகுதிகளில் ஒன்று. அங்கே காணி துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, ஒன்றிரண்டு மாடுகளுக்கு மேல் கட்ட இடமில்லை. மணிச்சத்து இல்லாத மண்ணில் வளர்ந்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் மணிச்சத்து எங்கிருந்து வரும்? கரிமத்தைக் கூட்டத் தொழு உரம் கட்டாயம் வேண்டும். தானியமாக ஊரைவிட்டுப் போன மணிச்சத்தை அது மட்டும் ஈடுகட்டாது.

உண்மையில் கனமான ஆட்சேபம் சுண்ணாம்பின் எடையிலேயே இருக்கிறது. டிஏபியை மூட்டைக் கணக்கில் போடலாம். கெட்டுப்போன நிலத்தைத் திருத்த ஹெக்டேருக்கு டன் கணக்கில் சுண்ணாம்பு வேண்டும். கிசுமு மாவட்டத்துக் கோருவில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கல் மலிவு, லாரி வாடகை மலிவல்ல. ஒருமுறை போட்டால் பலன் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பரவுகிறது. அடுத்த ஆண்டு யார் கையில் இருக்குமோ தெரியாத குத்தகை நிலத்தில் யார் அந்தச் செலவைச் செய்வார்? சந்தை தானாகச் செய்யாத வேலை இது. மானியம் போக வேண்டிய இடமும் இதுவே. மூட்டை உரத்தைப் பொறுத்தவரை கென்யச் சந்தை அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிய பிறகு, கிராமங்களில் அக்ரோவெட் என்று அழைக்கப்படும் சிறு கடைகள் பெருகின. 1997இல் ஒரு குடும்பம் உரம் வாங்கச் சராசரியாக 8 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது; 2007இல் அது 3 கிலோமீட்டர் சொச்சமாகக் குறைந்தது. பெரிய மானியம் எதுவுமில்லாமலே சிறு உழவர்களின் உரப் பயன்பாடு அந்தக் காலத்தில் உயர்ந்தது. இப்போதைய மலிவு உரமோ பெரும்பாலும் தேசிய தானிய வாரியத்தின் கிடங்குகள் வழியாக வருகிறது. செல்பேசியில் ஒப்புகைச் செய்தி வந்த பிறகும் தொலைதூரக் கிடங்குக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்ற குறை பரவலாக எழுந்தது. 2024இல் அந்தக் கிடங்குகளில் விற்ற சில மூட்டைகள் தரமற்றவை எனத் தெரியவந்து, விவகாரம் வேளாண் அமைச்சரைப் பதவிநீக்கும் தீர்மானம் வரை போனது. மழை தொடங்கியபின் போலி உரத்தை நம்பி ஏமாந்தவருக்கு அந்தப் பருவம் திரும்ப வராது. மூட்டையின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஏற்பாட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண் தானாகவே மங்கிவிடுகிறது.

உள்நாட்டிலேயே உரம் செய்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை கென்யாவில் பழையது, அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1970களில் மொம்பாசாவில் கென்-ரென் உர ஆலையை எழுப்ப ஐரோப்பியக் கடன் வாங்கினார்கள். ஆலை எழவில்லை, கடனைப் பல பத்தாண்டுகள் மக்கள் வரிப்பணத்தில் கட்டினார்கள். மொம்பாசாவில் இறங்கும் உரம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சாலையில் பயணித்து எல்டோரெட் வருகிறது. அங்கே 2016இல் திறக்கப்பட்ட கலவை உர ஆலை, இறக்குமதிச் சரக்கையே கலந்து கொடுத்தாலும், உள்ளூர் மண்ணுக்கேற்ற விகிதத்தில் கலக்க முடியும் என்பதால் எனக்கு அது நம்பிக்கை தருகிறது. எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் மின்ஜிங்குவில் இன்னொரு வழி இருக்கிறது. மன்யாரா ஏரிப் பக்கம் பழங்காலத்தில் வாழ்ந்த நீர்க்காகங்களின் எச்சமும் எலும்பும் படிந்து உருவான பாஸ்பேட் பாறை அது. சாதாரண மண்ணில் மெதுவாகக் கரையும் இந்தப் பாறைத் தூள், அமில மண்ணில் அந்த அமிலத்தாலேயே கரைந்து மணிச்சத்தை விடுவிக்கிறது. கூடவே கால்சியமும் கிடைக்கிறது. மேற்குக் கென்யாவின் குறைபாடே இங்கே கைகொடுக்கும். டிஏபிபோல் முதல் பருவத்திலேயே பளிச்சென்று பலன் காட்டாததால் அது ஓரங்கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது பேச்சு பசுமை அம்மோனியா பக்கம் திரும்பியிருக்கிறது. நைவாஷா அருகே ஒரு பண்ணையில் சூரிய மின்சாரத்தைக்கொண்டு நாளுக்கு ஒரு டன் அளவில் அம்மோனியா தயாரிக்கும் சிறு ஆலை 2023இல் வந்தது. பக்கத்திலேயே ஒல்காரியாவின் புவிவெப்ப மின்நிலையங்கள் இருப்பதால் பெரிய ஆலைகளுக்கும் திட்டமிடுகிறார்கள். இயற்கை எரிவாயு விலையின் ஆட்டத்திலிருந்து உழவரைக் காக்க இது உதவும், வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் நீராவியில் பிறந்தாலும் எரிவாயுவில் பிறந்தாலும் அம்மோனியா மண்ணில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அது தரும் ஒவ்வொரு கிலோ தழைச்சத்துக்கும் ஏறத்தாழ 1.8 கிலோ சுண்ணாம்பு தேவைப்படும். 2024 மே மாதம் நைரோபியில் கூடிய உர, மண்வள உச்சிமாநாடு உர உற்பத்தியையும் விநியோகத்தையும் பத்தாண்டில் மூன்று மடங்காக்க உறுதி எடுத்தது. அந்த மூன்று மடங்குக்குத் துணையாகக் கோருவிலிருந்து எத்தனை லாரி சுண்ணாம்பு கிளம்ப வேண்டும், வாடகையை யார் கொடுப்பது, அதை அக்ரோவெட் கடை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதையும் கென்ய அரசு தன் உரக் கணக்கின் அடுத்த பத்தியிலேயே எழுத வேண்டும்.