தி ஸ்கெலிட்டன் டான்ஸ் (1929): நிறையும் குறையும்

ஊர்க் கொடையில் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு நள்ளிரவுச் சுடுகாட்டு ஆட்டம் ஒன்றும் புதிதில்லை. தென்காசிப் பக்கம் சுடலைமாடன் கோயில் சாமக்கொடையில், சாமியாடி மயான வேட்டைக்குப் புறப்படும் நேரம் பார்த்து அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்ட பயல்களில் நானும் ஒருவன். அதனால்தானோ என்னவோ, வால்ட் டிஸ்னியின் 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' என்கிற ஐந்தரை நிமிடக் கார்ட்டூன் எனக்கு அந்நியமாகவே படவில்லை. போன சாரல் சீசனில் வெளியே போக முடியாத ஒரு சாயங்காலம், மகனோடு லேப்டாப்பில் பார்க்க ஆரம்பித்தது. இருபது தடவைக்கு மேல் ஓட்டியிருப்போம். பத்தாவது தடவைக்குப் பிறகு ஒரு சந்தேகம்: இதில் எனக்குப் பிடித்ததும் அலுப்புத் தட்டியதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவோ?

(நம் நாட்டுப் பேசும் கார்ட்டூன்களைப் பற்றி எழுதக்கூடாதா என்று கேட்கலாம். 1934-லேயே கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் 'தி பீ பிரதர்ஸ்' எடுத்துவிட்டது. ஆனால் கண்ணால் பார்க்காத படத்துக்கு மார்க் போட எனக்கு மனசில்லை.)

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மரக்கிளையில் ஓர் ஆந்தை. மணிக்கூண்டில் பன்னிரண்டு அடிக்கிறது, வவ்வால்கள் பறக்கின்றன. கல்லறைக் கற்கள் மேல் இரண்டு கருப்புப் பூனைகள் சண்டை போட்டு ஒன்றன் மூக்கை ஒன்று இழுக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஓர் எலும்புக்கூடு எழுந்து நிற்கிறது. பிறகு மொத்தம் நான்கு. ஆடுகின்றன, ஒன்றன் எலும்பை ஒன்று எடுத்து இசைக்கின்றன. சேவல் கூவியதும் அடித்துப் பிடித்துக் கல்லறைக்குள் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

இந்த யோசனையைக் கொடுத்தது படம் வரைகிற ஆள் இல்லை, இசைக்காரர். கார்ல் ஸ்டாலிங். கான்சாஸ் சிட்டியில் ஊமைப்படங்களுக்குத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர். திரையைப் பார்த்துப் பார்த்துக் கையை ஓட்டிய மனுஷனுக்கு, ஒரு தடவையாவது படம் நம் இசைக்குப் பின்னால் வரட்டுமே என்று தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. மிக்கி மவுஸ் படங்களில் செயலுக்கு ஏற்ற இசை, இந்தப் புதிய வரிசையில் இசைக்கு ஏற்ற செயல். இப்படி ஒரு சமரசத்துக்கு வந்துதான் 'சில்லி சிம்ஃபனி' வரிசை தொடங்கியது. அதில் முதல் படம் இது. இசையின் ஒரு பகுதி நார்வேக்காரர் எட்வர்ட் கிரீக்கின் 'குள்ளர்களின் அணிவகுப்பு'. சென்-சான்ஸின் 'டான்ஸ் மக்காப்ர்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது தவறு. படங்களின் பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். பேய் வேகத்தில் வரையக்கூடியவர். உதவியாளர்களை இடைப்படங்கள் வரையச் சொல்லலாமே என்று டிஸ்னி சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார்.

இங்கே குற்றாலத்தில் நடராசருக்குச் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்றில்தான் அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். தூக்கிய கால் தூக்கியபடியே இருக்கிறது, நம் கண்தான் மீதி ஆட்டத்தை ஆடிக்கொள்ள வேண்டும். ஓவியத்தை நிஜமாகவே ஆட வைக்க வேண்டும் என்றால் செலவு வேறு. பேசும் படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்தரை நிமிடத்துக்கு 7,920. தாளத்தையும் இந்த ஃபிரேம் கணக்குக்குள்தான் அடக்க வேண்டும். ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. 10 ஃபிரேம் என்றால் 144. வரைகிறவர் கையில் இருப்பது இசையில்லை, இந்த எண்தான். ஒவ்வொரு பன்னிரண்டாவது ஃபிரேமிலும் கால் தரையில் பட்டாக வேண்டும். ஒலிப்பதிவில் வாத்தியக்காரர்கள் வழுவாமல் இருக்க, காதில் டிக் டிக் என்று தட்டு கேட்கும் ஒரு முறையை ஸ்டாலிங் கொண்டுவந்தார். இன்றைக்கு ஸ்டுடியோக்களில் கிளிக் டிராக் என்கிறார்களே, அதன் தாத்தா.

இதன் பலனைத் திரையில் பார்க்கலாம். 1928 நவம்பரில் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யில் ஒலியும் படமும் ஒட்டியதே அதிசயம். அடுத்த வருடமே இதில் அது அதிசயமாகத் தெரிவதில்லை, இயல்பாகிவிட்டது. ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைத் தொடையெலும்புகளால் தட்டி சைலஃபோன் வாசிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அந்தப் பொருளே ஆடவும் செய்கிறது. பூனையின் வாலைத் தந்தியாக்கி வாசிப்பதும் அதே ஜாதி நகைச்சுவை. வசனம் ஒரு சொல் கிடையாது. தென்காசிப் பையனுக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை.

சரி, குறைக்கு வருவோம். முதல் பாதியில் ஆந்தை, பூனை, கேமராவை விழுங்குவதுபோல் வாயைத் திறந்துகொண்டு பாயும் மண்டையோடு என்று ஒவ்வொரு கணமும் புதிது. நான்கும் வரிசை கட்டி ஆடத் தொடங்கிய பிறகு படம் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. அதே அசைவு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மறுபடி முதலிலிருந்து. என் தொழில் பாஷையில் சொன்னால் லூப். கிட்டத்தட்ட எட்டாயிரம் ஃபிரேமுக்கு வரைகிறவர் லூப் போடாமல் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு எலும்புக்கூட்டுக்கும் ஒரே முகம், ஒரே புத்தி. எது எது என்று பிரித்துச் சொல்ல என் மகனால்கூட முடியவில்லை.

லூப்தான் குற்றவாளி என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். பிறகு அழித்தேன். ஏனென்றால் கணியான் கூத்திலும் அடவு திரும்பத் திரும்பத்தானே வருகிறது? விடிய விடியப் பார்க்கிறோம், அலுக்கவில்லையே.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஒரு கொடையில் கைபேசியில் பிடித்த மகுட ஒலியை எடுத்து, அதற்கு ஒரு குச்சி எலும்புக்கூட்டை ஆடவிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். டிஸ்னி முறைதான்: தட்டுக்கு இத்தனை ஃபிரேம். முதல் நிமிடம் ஜோராக ஆடியது. அப்புறம் மகுடம் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, எண்ணுக்குள் நிற்கவே மாட்டேன் என்கிறது. 12 ஃபிரேமிலிருந்து 11-க்கு மாறினால் 120 சட்டென்று 131-க்குத் தாவுகிறது, நடுவில் படியே இல்லை. அடுத்த கொடையில் மகுடம் அடித்த பெரியவரிடமே கேட்டேன்.

"என்ன வேகத்துல அடிக்கீங்க அண்ணாச்சி?"

"வேகமா? நாங்க எங்க தம்பி வேகம் வைக்கோம்? ஆடுதவன் காலப் பாத்துல்லா அடிக்கோம். அவன் நின்னா நாங்களும் நிப்போம். சாமி வந்துட்டுன்னா பெறவு எங்க கையில ஒண்ணும் இல்ல."

என் சந்தேகத்துக்குப் பதில் இதில் கிடைத்தது. கூத்தில் சலங்கையும் மகுடமும் ஒன்றையொன்று கவனிக்கின்றன, அடவு திரும்பி வரும்போது கொஞ்சம் சூடேறி வருகிறது. இந்தப் படத்தில் தகவல் ஒரு திசையில்தான் போகிறது: இசையிலிருந்து எலும்புக்கு. எலும்பு ஒருபோதும் இசையைக் காத்திருக்க வைக்க முடியாது. அந்தக் கச்சிதம் இருப்பதால்தான் முதுகெலும்பு சைலஃபோன் அவ்வளவு சிரிப்பூட்டுகிறது. அதே கச்சிதத்தால்தான் குழு ஆட்டம் எங்கே தொடங்கியதோ அதே சூட்டில் முடிகிறது.

சேவல் கூவியபின் வரும் கடைசிச் சில நொடிகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. நான்கு எலும்புக்கூடும் ஒன்றோடொன்று மோதி ஒரே குழப்பக் கட்டாகக் கல்லறைக்குள் பாய்ந்துவிடுகின்றன. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே விடுபட்டுப் போகின்றன. ஓடிவந்து கதவைத் தட்டுவதுபோல் கல்லை உதைக்கின்றன. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அவற்றை இழுத்துக்கொள்கிறது. ஆட்டம் முடிந்துவிட்டது, தாளத்துக்குக் கட்டுப்பட்டு அவை ஓடவில்லை. விடிவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றம் அவற்றுக்கு இருக்கிறது. முழுப் படத்திலும் ஒரு பாத்திரம் என்று சொன்னால் நான் அந்த இரண்டு பாதங்களைத்தான் சொல்வேன்.

2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. என் மகன் இப்போதெல்லாம் நடுவில் இருக்கும் குழு ஆட்டத்தைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிக்குப் போகிறான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை நீளுவதற்குள், "உள்ள இருக்கவங்களுக்குக் கேக்கலியாப்பா?" என்கிறான்.