மலைநாட்டில் ஒரு மரக்கலம்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. எனினும் இங்கு வாழும் நம்மவருட் பலரின் குடும்ப வரலாறு கடலிலேயே தொடங்குகிறது. நம் முன்னோர் பாக்கு நீரிணையைத் தோணியிலும் கப்பலிலும் கடந்து வந்தவர்கள். நம்மவர் பறிக்கும் கொழுந்தும் தேயிலையாகிக் கப்பலேறியே பிற நாடுகளைச் சேர்கிறது. அவ்வாறிருந்தும், ஒரு கப்பல் எங்ஙனம் உருவாகிறது என்பதை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே. அதனை அறிதற்கு எளிய வழி, சிறிய மரக்கப்பலொன்றை நம் கையாற் கட்டிப் பார்ப்பதேயாகும்.

இதற்கென வெட்டிய மரத்துண்டுகள், நூற்கயிறு, வரைபடம் ஆகியன அடங்கிய பெட்டிகள் விற்பனைக்கு உண்டு. அவற்றுட் புகழ்பெற்ற ஒன்று ‘கட்டி சார்க்’ என்னும் தேயிலைக் கப்பலின் உருவம். மூலக் கப்பலின் உடல் நீளம் ஏறக்குறைய 212 அடி. ஓர் அடிக்கு எட்டிலொரு அங்குலம் என்ற அளவிற் கட்டினால் அது 26½ அங்குலமாகும். ஆறடி மனிதன் அதன் மேற்றளத்தில் முக்கால் அங்குல உயரமே நிற்பான். இவ்வளவை மறவாதிருத்தல் வேண்டும். கயிறு சற்றுத் தடித்தாலும் மேற்றளத்திற் பனைமரம் கிடப்பது போலத் தோன்றும்.

பெட்டியைத் திறந்தவுடன் ஏமாற்றமே உண்டாகும். மேலே அச்சிட்ட கப்பல் உள்ளே இல்லை. மெல்லிய சலாகைகளும் பலகைத் துண்டுகளுமே உள்ளன. முதலில் எடுக்க வேண்டியது ஏரா. அதாவது கப்பலின் முதுகெலும்பு. அதன்மேற் குறுக்கே நிற்பவை வங்குகள். அவை விலா எலும்பு போல்வன. மூலக் கப்பலில் வங்குகள் இரும்பாலும் மேற்பலகைகள் மரத்தாலும் ஆனவை; சிற்றுருவில் யாவும் மரமே. ஏரா அணுவளவு வளைந்திருந்தாலும் பின்னர் எத்திறமையாலும் அதனைத் திருத்த இயலாது. ஆதலின் அதனை நேரான பலகையொன்றிற் பொருத்தி வைத்தே வங்குகளை ஒட்டுதல் வேண்டும்.

அடுத்தது வங்குகளின் விளிம்பைச் சீவிச் சமன்செய்தல். மெல்லிய சலாகையொன்றை அணியத்திலிருந்து பின்புறம் வரை வளைத்து வைத்துப் பார்க்க. அது ஒவ்வொரு வங்கின் விளிம்பிலும் முழுமையாகப் படிய வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தால் அவ்விடத்தில் ஒரு சிம்பை ஒட்டுக. மேடிருந்தால் அரத்தால் தேய்க்க. இவ்வேலை முடிந்தபின் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் கப்பலின் அழகு முழுவதும் இதன்மேல் நிற்பதே.

பின்னர் மேற்பலகை பொருத்துதல். இங்கேதான் பலரும் தவறுவர். ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கை நம் தச்சர் ‘நூல்’ என்பர். நடு வங்கின் ஒருபுறச் சுற்றளவு 40 நூல் என்றும், பலகையின் அகலம் 2 நூல் என்றும் கொள்வோம். 20 பலகைகள் வேண்டும். அணியத்தருகே அதே சுற்றளவு 30 நூலாகக் குறைந்தால், அங்கு ஒவ்வொரு பலகையும் 1½ நூலாக ஒடுங்க வேண்டும். ஒடுக்காமல் ஒட்டினால் அவை ஒன்றன்மேலொன்று ஏறும். அகலம் பாதிக்கும் கீழே குறையுமாயின், பலகையொன்றை இடையில் நிறுத்திவிடுவதே முறை. வெந்நீரில் ஊறவைத்த பலகையை வளைத்துக் கட்டி, உலர்ந்த பின்னரே ஒட்டுக. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாறிமாறி ஒட்டாவிடின், ஒருபுற இழுவையாற் கப்பலே முறுகிவிடும்.

இன்னுமோர் எச்சரிக்கையை அனுபவத்தாற் கூறுகிறேன். என் முதற் கப்பலுக்குப் பதுளையின் கார்த்திகை மழையிற் பலகை பொருத்தினேன். தையில் அது குறைவற்றிருந்தது. ஆவணியிற் பலகைகளுக்கிடையே நகம் நுழையுமளவு வெடிப்புக் கண்டேன். மரம் ஈரத்தை ஏற்றால் நீளவாக்கிற் பெரிதும் மாறாது; குறுக்குவாக்கிற் பருக்கும், உலர்ந்தாற் சுருங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசி ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்றே என் கப்பலையும் பிளந்தது! அதே மரத்தின் சிம்புகளைச் செருகிப் பழுது பார்த்தேன். அத்தழும்பு இன்றும் தெரிகிறது. வறண்ட மாதங்களிற் பலகை பொருத்தி, உள்ளும் புறமும் வார்னிஷ் பூசுவதே நம்மூருக்குத் தக்கது.

இறுதியிற் பாய்மரமும் கயிறும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளை முதலிலும், பருமல் எனப்படும் குறுக்குக் கழிகளையும் பாய்களையும் இயக்கும் கயிறுகளைப் பின்னரும் கட்டுதல் வேண்டும். நூலைத் தேன்மெழுகில் இழுத்தெடுத்தாற் பிசிர் அடங்கும். இங்கும் இருபுறமும் மாறிமாறிக் கட்டுவதே விதி. ஒருபுறம் இறுகினாற் பாய்மரம் சாய்ந்துவிடும்.

இக்கப்பலை நம் மாணாக்கர் கட்டுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1869 நவம்பர் 17ஆம் தேதி சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐந்து நாட் கழித்து, ஸ்கொத்லாந்தின் டம்பார்ட்டனில் ‘கட்டி சார்க்’ நீரில் இறக்கப்பட்டது. சீனத் தேயிலையை விரைந்து கொணரப் பிறந்த அக்கப்பல், கால்வாய் வழி சென்ற நீராவிக் கப்பல்களுடன் போட்டியிட மாட்டாது சில ஆண்டுகளில் அத்தொழிலை இழந்தது. அதே 1869இலேதான் நம் மடுல்சீமையிற் கோப்பி இலையில் நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. கோப்பி அழிந்த மலைகளிற் பின்னர்த் தேயிலை பரவியது. ஒரே ஆண்டின் நிகழ்ச்சிகள் அக்கப்பலின் விதியையும் நம் மக்களின் தொழிலையும் மாற்றிவிட்டன. 1954 முதல் அக்கப்பல் இலண்டன் கிறீனிச்சில் நிற்கிறது.

ஆயினும் பெட்டியிற் கிடைப்பது பெரும்பாலும் பிறர் கப்பலே. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான உவில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அவ்வூர்த் தமிழ் மாலுமிகள் அதனைச் செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் வழியே செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் சேர்த்தனர். ஏறக்குறைய 89 அடி நீளமுடைய அதனை, ஓர் அடிக்குக் கால் அங்குலமாகக் கட்டினால் 22 அங்குலச் சிற்றுருவாகும். பெட்டியிற் பயின்ற கை, பெட்டியின்றி அதனையும் கட்டலாம். பலகைக்குச் சபுக்கு மரம் தோட்டமெங்கும் உண்டு. ஆணிக்கு மூங்கில் உண்டு. வழிகாட்டத் தோட்டத்துத் தச்சுப் பாஸ் உண்டு.

பழைய மாணவர்காள்! பாடசாலைக்கு நீங்கள் ஒரு நீண்ட மேசையும், நுண்வாள் சிலவும், பெட்டியொன்றும் அளித்தாற் போதும். கடலைக் கண்டறியாத சிறுவன் ஒருவன் ஏராவை நேராக்கி, வங்கை நிறுத்தி, பலகை பொருத்துவான். தன் பாட்டனைச் சுமந்து வந்த கலத்தைக் கட்டுதற்கும் ஒரு கல்வி வேண்டியிருந்தது என்பதை அவன் விரல்களே அவனுக்குக் கற்பிக்கும்.