தண்ணீர் புகுந்தது யார் குற்றம்?

சென்னை வேளச்சேரிவாசிகளுக்கு மழைக்காலம் வந்தால் ஒரு புதிய வழக்கம் உண்டு. வானிலை நிலையத்தார் "கனத்த மழை பெய்யும்" என்று சொல்லி முடிப்பதற்குள், அவரவர் மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இந்தக் காட்சியைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் அநுபவித்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவருக்கே இவ்வளவு கவலை என்றால், மின்சார வண்டி வைத்திருப்பவரின் கவலையைக் கேட்பானேன்? மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஜன்மப் பகை என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு அவரைத் தண்ணீரைவிட அதிகமாக அலைக்கழிப்பது ஒரு காகிதம். வண்டி வாங்கும்போது கம்பெனியார் கொடுத்த உத்தரவாதப் பத்திரந்தான் அது.

எடின்பரோவில் நடந்தது

ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகரமான எடின்பரோவில் 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் நடந்த ஒரு சம்பவத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டிருந்தன. இருவர் தங்கள் டெஸ்லா மின்சார வண்டியில் சாப்பாட்டுக்குச் சென்றார்கள். வெளியே அடைமழை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வண்டி அசைய மறுத்துவிட்டது. பல மணி நேரம் காத்திருந்து, இழுத்துச் செல்லும் லாரியை வரவழைத்து அனுப்பிவைத்தார்கள்.

சில தினங்களில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பாட்டரிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். பழுது பார்க்க 17,374 பவுன் ஆகுமாம். அன்றைய நாணய மாற்றுப்படி நம் பணத்தில் ஏறக்குறைய பதினேழரை லட்சம் ரூபாய்! பாட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, தண்ணீரால் வந்த சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்று பதில் வந்தது. "நாங்கள் வெள்ளத்தில் ஓட்டவில்லையே, மழைதானே பெய்தது?" என்பது வண்டிக்காரர்களின் கட்சி. ஸ்காட்லாந்தில் மழை பெய்வது ஓர் அதிசயமா என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவு கூரலாம். அதே கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க் 2016-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், தம்முடைய மாடல் எஸ் வண்டி சிறிது நேரம் படகாகக்கூட மிதக்கும் என்று உலகத்துக்கு அறிவித்தார். அப்படிச் செய்யும்படி தாம் சிபாரிசு செய்யவில்லை என்றும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் மனத்தில் படகு நின்றுவிட்டது, சிபாரிசு நிற்கவில்லை. பின்னால் வந்த சைபர்டிரக் வண்டியில் தண்ணீருக்குள் ஓட்டுவதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சுமார் 80 சென்டிமீட்டர் ஆழம் வரையில் இறங்கலாம் என்கிறது கையேடு. அதே கையேடு, தண்ணீரில் ஓட்டி வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றும் சொல்கிறது! விளம்பரம் ஒரு குரலிலும் உத்தரவாதப் பத்திரம் வேறொரு குரலிலும் பேசுவது இந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மின்சார வண்டியின் உயிர்நிலை அதன் அடிவயிற்றில் இருக்கிறது. தரைத் தகட்டுக்குக் கீழே பரந்த உலோகப் பெட்டி; அதனுள்ளே நூற்றுக்கணக்கான, சில வண்டிகளில் ஆயிரக்கணக்கான, சிறு சிறு மின்கலங்கள். தண்ணீர் நுழையாதபடி பெட்டியை அடைத்து முத்திரையிட்டிருக்கிறார்கள். "ஐ.பி. 67" என்று விளம்பரங்களில் காணப்படும் எண் இதைத்தான் குறிக்கிறது. ஆறு என்பது தூசி புகாது என்பதற்கு அடையாளம். ஏழு என்பது ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பாதகமில்லை என்பதற்கு அடையாளம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பரீட்சை சோதனைச் சாலையில், நல்ல தண்ணீரில் நடந்தது. தெருவில் ஓடும் வண்டியின் கதை வேறு. வெயிலிலும் குளிரிலும் ரப்பர் அடைப்புகள் தளரும். கல் தெறித்து அடித்தகடு நசுங்கும். இணைப்புகளில் துரு ஏறும். ஏழாம் வருஷத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால், அது தயாரிப்பின் குறையா, உபயோகத்தின் தேய்மானமா, வெள்ளத்தின் வேலையா? இந்த மூன்றில் எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

ஈரம் புகுந்து மின்சாரம் கசியும் அறிகுறி கண்டால் வண்டியின் காவல் யந்திரம் பாட்டரியின் தொடர்பைத் துண்டித்துவிடும். வண்டி நின்றுபோவது மனிதரைக் காப்பாற்றுவதற்காகவே. உப்புத் தண்ணீராக இருந்தால் அபாயம் அதிகம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தை இயான் புயல் தாக்கியபோது, கடல் நீரில் மூழ்கிய மின்சார வண்டிகளில் சில, தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துத் தீப்பற்றி எரிந்தன. மூழ்கிய வண்டியை வீட்டிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகா எச்சரித்திருக்கிறது.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

நம் நாட்டில் விற்கும் மின்சார வண்டிகள் பலவற்றின் பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அது தயாரிப்பிலும் பொருளிலும் உள்ள குறைக்கு மட்டுமே. வெள்ளம் முதலிய வெளிக் காரணங்களுக்குக் கம்பெனியார் பொறுப்பல்ல. அதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போகச் சொல்வார்கள்.

முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு வெள்ளமும் புயலும் அடங்கும் என்பது வாஸ்தவம். பிறர் சேதத்துக்கு மட்டும் எடுத்தவருக்கு அதுவும் இல்லை. ஆனால் தேய்மானமும், மின்சாரக் கோளாறும், சேதத்தைத் தொடர்ந்து வரும் பிற்கால நஷ்டமும் சாதாரண பாலிஸியில் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வண்டிக் கம்பெனி "இது வெள்ளம்" என்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ "இது கோளாறு" என்று சொல்ல இடம் இருக்கிறது. நடுவில் நிற்கும் குடும்பஸ்தர் மாதத் தவணையை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதிலே பெரிய சங்கடம் ஒன்று உண்டு. முத்திரையிட்ட பெட்டியை வாங்கினவர் திறந்து பார்க்க முடியாது; திறந்தால் உத்தரவாதம் போய்விடும். பெட்டியைத் திறப்பவரும் கம்பெனியார்; காரணத்தைக் கண்டுபிடிப்பவரும் அவரே; கட்டணம் விதிப்பவரும் அவரே. வைத்தியரே நீதிபதியாகவும் இருந்தால் நோயாளி யாரிடம் முறையிடுவது?

சட்டத்தின் துணை

சட்டம் கைவிட்டுவிடவில்லை. பிரிட்டனில் 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, விற்ற பொருள் திருப்தியான தரமுள்ளதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. அதன் பிறகு நிரூபிக்கும் பாரம் வாங்கினவர் தலையில் விழுகிறது. கம்பெனியின் உத்தரவாதப் பத்திரம் இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

நம் நாட்டிலும் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறை நேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் ஜில்லா ஆணையத்தில் புகார் செய்யலாம். வண்டியின் குறையைப் பரீட்சை செய்யாமல் முடிவு கூற இயலாது என்று தோன்றினால், ஆணையத்தார் அதைத் தகுந்த சோதனைச் சாலைக்கு அனுப்பலாம். பூட்டிய பெட்டியை மூன்றாம் மனிதர் ஒருவர் திறந்து பார்ப்பதற்கு இதுவே வழி. இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். விலக்கு நிபந்தனையைக் காட்டிப் பணம் கொடுக்க மறுப்பவர், அந்த நிபந்தனை பொருந்துகிறது என்று தாமே நிரூபிக்க வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகளில் கண்ட நியாயம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயனில்லை. வண்டி வாங்கும் அன்றே உத்தரவாதப் பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். மழைக்கும் வெள்ளத்துக்கும் எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பாட்டரிக்கென்று தனியாக விற்கப்படும் இன்ஷூரன்ஸ் சேர்க்கையையும், பாட்டரியின் விலையில் தேய்மானத்துக்காக எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

வண்டி மூழ்கிவிட்டாலோ, அதை ஓட்டிப் பார்க்கவும் மின்சாரம் ஏற்றவும் கூடாது. தண்ணீர் நின்ற மட்டத்தைப் படம் எடுத்து, உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனியார் பாட்டரியைத் திறந்தால் தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்று படத்துடன் எழுத்து மூலமான அறிக்கை கேட்க வேண்டும். வழக்குத் தீரும்வரை பழைய பாட்டரியைக் கைவிடக் கூடாது. நாளைக்கு சாட்சி சொல்லப்போவது அதுதான்.

மழை பெய்வது வருணனின் தொழில். அது பெய்யும் நாட்டில் வண்டி விற்க வருகிறவர்கள், எவ்வளவு நனைந்தால் தங்கள் பொறுப்பு, எவ்வளவு நனைந்தால் வாங்கினவர் பொறுப்பு என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பது நியாயம். அந்தக் காலம் வரும் வரையில் வேளச்சேரி மேம்பாலத்தில் ஓர் இடம் பிடித்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்!